கணக்கைப் போடுவது யார்?

கல்லூரிகளில் கணிதத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் விவாதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பருவத் தேர்வின் முடிவுகள் வெளிவருகின்ற வாரத்தில் அது சூடுபிடிக்கும். அரியர் தாள்களை எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் ஆசிரியரைக் குறை கூறுவர். ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தைக் குறை கூறுவர். பள்ளிக்கூடத்தார் வீட்டைக் குறை கூறுவர். வீட்டில் உள்ளவர்களோ தலையெழுத்தைக் குறை கூறிவிட்டு விளக்கை அணைத்துவிடுவர். அடுத்த பருவம் தொடங்கியதும் விவாதம் அடங்கிப்போகும். மீண்டும் அதே கரும்பலகை, அதே குறிப்பேடு, அதே வினாத்தாள்!

இவ்வாண்டு மலரில் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரிக்கு வருகின்றவர்கள் யார்? கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் எனக் கடலோரமாய் நீண்டு கிடக்கும் வடசென்னையின் பிள்ளைகள். துறைமுகத் தொழிலாளியின் மகன், லேத்துப் பட்டறையில் உழைப்பவரின் மகள், மீனவக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் – இவர்களே நம் வகுப்பறைகளை நிறைக்கின்றனர். வங்கித் தேர்வு, ஆசிரியர் பணி, அரசுப் பணியாளர் தேர்வு, கணிப்பொறி வேலை என்று ஏதோ ஒரு கனவோடுதான் கணிதப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை கணிதத்தில் சறுக்கினால் வேறொரு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம். நம்மவர் சறுக்கினால் மாறுவது பாடமன்று; வாழ்க்கை. முதலாண்டில் மூன்று தாள் தவறியவர் மூன்றாமாண்டில் கண்டெய்னர் யார்டில் நிற்கிறார். உழைப்பு இழிவன்று. ஆனால் விரும்பிச் சென்றதற்கும் வேறு வழியின்றிச் சென்றதற்கும் வேறுபாடு உண்டல்லவா? ஆகவே, கணிதம் கற்பித்தல் பற்றிய விவாதம் நமக்கு வெறும் அறிவுப் பொழுதுபோக்கு அன்று.

நான்கு கட்சிகள்

இவ்விவாதத்தில் பொதுவாக நான்கு கட்சிகளைக் காணலாம்.

முதற்கட்சி பாடத்திட்டக் கட்சி. ‘பாடத்திட்டம் பழையது, அதை மாற்றினால் எல்லாம் சரியாகும்’ என்பது இவர்கள் வாதம். பழைய தாள்களை நீக்கிப் புதிய தாள்களைச் சேர்க்கச் சொல்வர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பாடத்திட்டம் மாறும்வரை எதுவும் செய்வதற்கில்லை என்பது சரியா? 1939-இல் இலயோலாக் கல்லூரிக்கு வந்து கணிதம் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல் ரசீனை எண்ணிப் பாருங்கள். அன்றைய சென்னைப் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் அச்சில் வார்த்தது. அது மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தின் கதவுகளை மாணவர்களுக்குத் திறந்துவிட்டார். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் பின்னர் 1965-இல் தங்கள் இருவர் பெயராலும் வழங்கும் தேற்றத்தை உலகுக்கு அளித்தனர். பாடத்திட்டம் ஒரு வேலி. ஆனால் தாண்ட முடியாத மதில் அன்று.

இரண்டாவது மொழிக் கட்சி. பன்னிரண்டாம் வகுப்புவரை சார்பு, எல்லை, தொடர்ச்சி, வகைக்கெழு என்று படித்த மாணவர், கல்லூரிக்கு வந்த முதல் நாளிலேயே ஃபங்ஷன், லிமிட், கன்டின்யூயிட்டி, டிரைவேட்டிவ் என்னும் சொற்களைச் சந்திக்கிறார். தெரிந்த பொருளே தெரியாத பொருளாகி அச்சுறுத்துகிறது. இக்கட்சியின் குறை நியாயமானது. அதற்கு நான் பின்னர் வருவேன். எனினும் தமிழில் மனப்பாடம் செய்தால் மட்டும் கணிதம் விளங்கிவிடுமா? மனப்பாடம் எம்மொழியிலும் மனப்பாடமே.

மூன்றாவது கருவிக் கட்சி. ஸ்மார்ட் போர்டு, காணொளிப் பாடம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றைக் கொண்டுவந்தால் போதும் என்பது இவர்கள் கருத்து. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியவர்கள் இப்போது வெண்திரையில் ஒளிர்வதைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். முன்பு கையாவது வலித்தது. இப்போது அதுவும் இல்லை!

நான்காவது அடித்தளக் கட்சி. ‘பள்ளியில் அடித்தளம் இல்லை; நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்பது இவர்களின் பெருமூச்சு. அடித்தளம் குறைவுதான். ஆனால் வந்திருப்பவரை வைத்துத்தானே பாடம் நடத்தவேண்டும்? நோயாளி நலமாக வரட்டும், பிறகு மருந்து கொடுக்கிறேன் என்று மருத்துவர் கூறலாகாது.

இந்நான்கு கட்சியினரும் ஆசிரியர் எதைச் சொல்லவேண்டும், எம்மொழியில் சொல்லவேண்டும், எதன் மீது எழுதவேண்டும், யாருக்குச் சொல்லவேண்டும் என்றுதான் வாதிடுகின்றனர். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கணக்கைப் போடுவது யார்?

ஆசிரியர்தான். நாம் பார்த்து எழுதுகிறோம். நீச்சல் ஆசிரியர் ஒருவர் மூன்றாண்டுக் காலம் தாமே நீந்திக் காட்டி, மாணவர்களைக் கரையில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எண்ணூர்க் கழிமுகத்தில் படகு செலுத்தும் எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்கு அவ்வாறு துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

‘கூறி நிறுவுக’

இந்நிலைக்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அவர்களையும் நம்மையும் ஒருசேர ஆட்டிவைப்பது வினாத்தாள். ‘கூறி நிறுவுக’ என்னும் இரண்டு சொற்களில் நம் கணிதக் கல்வி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். குலக் கோட்பாட்டில் லெக்ராஞ்சியின் தேற்றம் நாம் அனைவரும் அறிந்தது. முடிவுறு குலம் ஒன்றின் உறுப்புகளின் எண்ணிக்கையை அதன் உட்குலத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை மீதியின்றி வகுக்கும் என்பது அது. ‘லெக்ராஞ்சியின் தேற்றத்தைக் கூறி நிறுவுக’ என்றால் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் பெறலாம். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டால் என்ன? ‘12 உறுப்புகள் கொண்ட குலம் ஒன்றில் 5 உறுப்புகள் கொண்ட உட்குலம் இருக்க முடியுமா? 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் கட்டாயம் இருக்குமா?’ முதற்கேள்விக்கு முடியாது என்பது தேற்றத்திலிருந்தே கிடைக்கும். இரண்டாவதற்கு ‘இருக்கும்’ என்று பலரும் விரைந்து கூறிவிடுவர். உண்மையோ வேறு. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 12 சேர்ந்து ஒரு குலமாகும். அதில் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் இல்லவே இல்லை. இதைத் தேடிக் கண்டவர் அத்தேற்றத்தை வாழ்நாளில் மறக்கமாட்டார். ஒரு பக்கத்தை ஒப்புவித்தவரோ தேர்வறையை விட்டு வெளியே வரும்போதே மறந்துவிடுவார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. கணிதத்தின் தலைநகராய் எண்ணப்பட்ட கேம்பிரிட்ஜிலேயே இந்நோய் இருந்தது. அங்கு டிரைபாஸ் என்னும் கணிதத் தேர்வில் மாணவர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திப் பெயர்களை வெளியிடுவர். அவ்வரிசைக்காகத் தனிப்பயிற்சி ஆசிரியர்களிடம் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தனர். 1898-இல் நான்காம் இடம் பெற்ற ஜி. எச். ஹார்டி அத்தேர்வு முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர். இறுதியில் 1909-ஆம் ஆண்டோடு அந்த வரிசைப் பட்டியல் கைவிடப்பட்டது. ஹார்டி அத்தோடும் நிறைவடையவில்லை. 1926-இல் கணித ஆசிரியர் சங்கத்தின் தலைவராகப் பேசியபோதும் அத்தேர்வையே ஒழிக்கவேண்டும் என்று வாதிட்டார். தேர்வு எப்படியோ, படிப்பும் அப்படியே என்பதை அவர் அறிந்திருந்தார்.

துறைமுகம் கற்பிக்கும் பாடம்

அதே ஹார்டிக்கு 1913 சனவரியில் ஒரு கடிதம் சென்றது. எங்கிருந்து? நம் வடசென்னைக் கடற்கரையிலிருந்து! சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுசன் எழுதிய கடிதம் அது. அவர் குடந்தை அரசுக் கல்லூரியில் பயின்று, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர், பின்னர் எஃப்.ஏ. தேர்விலும் இரு முறை தோற்றவர். நம் மொழியில் கூறினால், அரியர் வைத்தவர்!

இராமானுசனின் மேதைமை பிறவியில் வந்தது. அதை யாரும் கற்பித்துவிட இயலாது என்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கணிதம் கற்ற விதத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

ஒன்று, அவருக்குக் கிடைத்த நூல். ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த அந்நூல் பெரும் ஆராய்ச்சி நூலன்று; தேர்வுக்கு மாணவர்களைத் தயாரிக்கும் தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் எழுதிய கையேடுதான். இன்றைய ‘கைடு’களின் மூத்த அண்ணன் என்று கூறலாம். ஆனால் ஒரு வேறுபாடு. அதில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஓரிரு குறிப்புகளே. படிப்பவர் தாமே நிறுவிப் பார்க்கவேண்டிய கட்டாயம். நம் கைடுகளில் எல்லாம் நிறுவப்பட்டிருக்கின்றன. நாம் செய்வதற்கென்று எதுவும் மிச்சமில்லை.

மற்றொன்று, துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாய் இருந்த எஸ். நாராயண ஐயர். கணிதம் பயின்ற அவர், மாலை வேளைகளில் இராமானுசனோடு அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். இராமானுசன் இரண்டு வரிகளில் தாவிவிடும் இடத்தில், இடையிலுள்ள படிகளை எழுதுமாறு வற்புறுத்துவார். பிறருக்கு விளங்குமாறு எழுதவேண்டும் என்னும் அந்த வற்புறுத்தல், கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதுமுன்னரே நிகழ்ந்த பயிற்சி. இரண்டு சிலேட்டு, இரண்டு மனிதர், ஒரு கணக்கு – இதைவிடச் சிறந்த வகுப்பறை ஏது?

துறைமுகத்தை ஒட்டிய முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனையும் இங்கு நினைவுகூர வேண்டும். இராமானுசனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தேடித் தொகுத்து, 1968-இல் அப்பள்ளியின் வெளியீடாகவே நினைவு மலர்களைக் கொண்டுவந்தவர் அவர். மாணவர் கையால் செய்து பார்த்துக் கணிதம் கற்கவேண்டும் என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அவருடைய முயற்சியால் 1993-இல் இராயபுரத்தில் இராமானுசன் பெயரில் கணித அருங்காட்சியகம் தோன்றியது. நம்மில் எத்தனை பேர் அதைச் சென்று பார்த்திருக்கிறோம்? கும்பகோணத்துக்குச் சுற்றுலா போக ஆசைப்படும் நாம், நம் வீட்டுக்கு அருகே இருப்பதைக் காணத் தவறிவிடுகிறோம்.

நம் மண்ணில் கணக்கு இல்லையா?

‘கல்லூரிக் கணிதம் நுட்பமானது, அதை வாழ்க்கையோடு இணைக்க முடியாது’ என்று ஒரு சாரார் கூறுவர். எப்சிலான், டெல்டா என்றவுடனே முதலாண்டு மாணவர் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறோம். ஆனால் எண்ணூர் வட்டாரத்தின் தொழிற்கூடங்களில் வேலை செய்த எந்தப் பிட்டரும் அதை அறிவார். அவர் அதை ‘டாலரன்ஸ்’ என்பார்.

10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தகடு ஒன்றை வெட்டவேண்டும். பரப்பு 100 சதுர சென்டிமீட்டரிலிருந்து 1 சதுர சென்டிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். பக்கத்தில் எவ்வளவு பிழை பொறுக்கலாம்? கணக்கிட்டுப் பார்த்தால் 0.04 சென்டிமீட்டர் என்பது பாதுகாப்பான விடை. ‘0.1 சதுர சென்டிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது’ என்று அவர் கண்டிப்பைக் கூட்டினால், 0.004 சென்டிமீட்டர் என்று நாமும் கவனத்தைக் கூட்டுவோம். அவர் எத்துணைச் சிறிய எப்சிலானைக் கேட்டாலும் அதற்கேற்ற டெல்டாவை நம்மால் தர முடியும். இதுவே தொடர்ச்சி! இனி, பேருந்துக் கட்டணத்தைப் பாருங்கள். ஒரு ஸ்டேஜைத் தாண்டி ஓரடி போனாலும் கட்டணம் தாவுகிறது. அந்த எல்லைக்கு எவ்வளவு நெருங்கி நின்றாலும் அத்தாவல் சிறிதாவதில்லை. எந்த டெல்டாவும் உதவாது. இதுவே தொடர்ச்சியின்மை. இதைப் புரிந்துகொண்ட பின்னர் வரையறையை எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறோமா இல்லையா என்று பாருங்கள்.

செயல்முறை ஆராய்ச்சித் தாளில் காத்திருப்பு வரிசைக் கோட்பாடு வருகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து எண்களை இட்டு விடை எழுதுகிறோம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காகக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற காட்சியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரே வாயில், முறையற்ற வரவு என்னும் எளிய மாதிரியில், வாயிலின் திறனில் பாதி அளவு லாரிகள் வந்தால் சராசரியாக நிற்பது 1 லாரி. பத்தில் ஒன்பது பங்கு வந்தால் 9 லாரி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வந்தாலோ 19 லாரி! வரவு சிறிதே கூடியதற்கு வரிசை இரு மடங்காகிறது. உண்மைச் சாலை இம்மாதிரியைவிடச் சிக்கலானதுதான். எனினும், நம் தந்தையரும் அண்ணன்மாரும் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் காத்திருந்த இரவுகளுக்குக் கணிதம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது என்று அறிந்த மாணவர், அச்சூத்திரத்தை எளிதில் மறப்பாரா?

கோலத்தையும் விட்டுவிடலாகாது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1974-இலேயே நம் வாசற்கோலங்களைக் கணிதவழி இலக்கணமாக ஆராய்ந்து உலக ஏடு ஒன்றில் வெளியிட்டனர். பொருள் நம் வாசலில். பார்வை மட்டும் வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையை இரஷ்யக் கணித அறிஞர் வி. ஐ. ஆர்னோல்டு 1997-இல் பாரிசில் ஆற்றிய உரையில் எள்ளி நகையாடினார். இரண்டும் மூன்றும் எத்தனை என்று பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளை ஒருவரிடம் கேட்டார்களாம். மூன்றும் இரண்டும் கூட்டினால் வருவதே அது, ஏனெனில் கூட்டல் பரிமாற்று விதிக்கு உட்பட்டது என்று விடை வந்ததாம். ஐந்து என்று சொல்லத் தெரியவில்லை! எடுத்துக்காட்டு இல்லாத இலக்கணம் இப்படித்தான் முடியும்.

சட்டாம்பிள்ளைகள் வேண்டும்

சரி, மாணவர்களே கணக்குப் போடும் வகுப்பு நடைமுறைக்கு ஒத்துவருமா? அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் எத்தனை பேருடைய ஏட்டைப் பார்ப்பார்? அதிலும் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் நிலையான பணியின்றி முழுப் பாரத்தையும் சுமக்கின்றனர். இக்கேள்வி நியாயமானது.

இதற்கு விடை நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பார்; அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789-இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று. உலகுக்கு நாம் ஏற்றுமதி செய்ததை நாமே மறந்துவிட்டோம். அன்றைய சட்டாம்பிள்ளையின் பிரம்பு நமக்கு வேண்டாம். அவருடைய பொறுப்பு மட்டும் வேண்டும்.

நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர் இதே வழிக்கு வந்து சேர்ந்தார். 1970-களில் அங்கு நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றனர். சீன வழி மாணவர்களோ நன்கு தேறினர். ஊக்கமின்மை, குடும்பத்தின் அக்கறையின்மை, முன்பயிற்சிக் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் கூறினர். டிரைஸ்மன் மாணவர்களுடனேயே பழகி உற்று நோக்கினார். காரணம் வேறாக இருந்தது. சீன வழி மாணவர்கள் கூடி அமர்ந்து கணக்குப் போட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவர்கள் உழைத்தனர். ஆனால் தனித்தனியே உழைத்தனர். உடனே அவர் ஒரு பட்டறை தொடங்கினார். அது ‘மெல்லக் கற்போர்’ வகுப்பன்று. அங்கு கொடுக்கப்பட்டவை எளிய கணக்குகள் அல்ல. வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமானவை. குழுவாய் அமர்ந்து அவற்றோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் தேறினர். பட்டறைக்கு வராத பிற இன மாணவர்களையும் மிஞ்சினர். பின்தங்கியவருக்கு எளிதானதைக் கொடுப்பது இரக்கம்; கடினமானதைக் கொடுத்துத் துணை நிற்பது மரியாதை. நம்மைப் பார்த்து ‘இவர்களுக்கு இது போதும்’ என்று கூறுகின்றவர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1993-இல் எஸ். குமரேசன் தொடங்கிய கணிதக் கோடைப் பயிற்சித் திட்டம் பல மாநிலங்களின் கல்லூரி மாணவர்களை நான்கு வாரம் ஓரிடத்தில் கூட்டுகிறது. அங்கு ஆசிரியர் கேள்வி கேட்பார். மாணவர்கள் எடுத்துக்காட்டுத் தேடுவர், ஊகிப்பர், திருத்திக்கொள்வர். நிறுவல் அவர்கள் வாயிலிருந்தே வரும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அறிவியல், பொறியியல், கணிதம் ஆகியவற்றில் விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 33.8 பேரும், மாணவர்கள் தாமே பங்கேற்ற வகுப்புகளில் 21.8 பேரும் தோற்றனர் என்று அது காட்டிற்று. இவ்வேறுபாடு ஏட்டில் வெறும் எண். நம் பகுதியில் நூற்றுக்குப் பன்னிரண்டு குடும்பங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். டெக்சாஸில் ஆர். எல். மூர் என்னும் பேராசிரியர் நூலே கொடுக்காமல் மாணவர்களையே தேற்றங்களை நிறுவச் செய்து புகழ் பெற்றார். ஆனால் அவர் கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தார். முறை சிறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழகத்தின் ஆணைக்குக் காத்திராமல் நம் கல்லூரி அளவிலேயே செய்யத்தக்க நான்கினை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கணிதத் தாளுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ‘கணக்கு மணி’ வேண்டும். அந்த மணியில் ஆசிரியர் எழுதமாட்டார். நாம் ஐவர் ஐவராக அமர்ந்து எழுதுவோம். மூன்றாமாண்டு, முதுகலை மாணவர்கள் சட்டாம்பிள்ளைகளாக வருவர். சொல்லிக்கொடுப்பவருக்கும் அது பயிற்சி. இந்த மணி கால அட்டவணைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது முக்கியம். கல்லூரி முடிந்த பின்னர் வைத்தால், மாலை ஷிப்டுக்கு ஓடுகின்றவரும், வீட்டு வேலைக்காக முதல் வண்டியைப் பிடிக்கின்ற தோழியும் வர இயலாது. யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவர்களே வெளியில் நிற்க நேரும்.

இரண்டாவது, 75 மதிப்பெண்ணுக்கான பல்கலைக்கழகத் தேர்வு நம் கையில் இல்லை; 25 மதிப்பெண் அகமதிப்பீடு நம் கையில் உள்ளது. அதில் ஒரு வினாவாவது குறிப்பேட்டில் இல்லாததாய், ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதத்தக்கதாய் இருக்கட்டும். விடை முழுமை பெறாவிட்டாலும் முயற்சியின் படிகளுக்கு மதிப்பெண் கொடுக்கட்டும்.

மூன்றாவது, முதற்பருவத்தின் தொடக்கத்தில் கணிதச் சொற்பட்டியல் ஒன்று வேண்டும். தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஓர் எடுத்துக்காட்டு – இவ்வளவே. குழுவில் தமிழில் வாதிடுவோம். தேர்வில் வேண்டிய மொழியில் எழுதுவோம். சிந்தனைக்குத் தாய்மொழி, தேர்வுக்கு எழுதுமொழி என்று பாலம் கட்டிக்கொள்வது இழுக்கன்று.

நான்காவது, 2012-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மாலை போட்டுப் பேச்சுப் பேசிக் கலையாமல், நம் வட்டாரத்துக் கணக்குகளைக் காட்சிக்கு வைப்போம். லாரி வரிசை, தகட்டின் டாலரன்ஸ், வாசற்கோலம் என எடுத்துக்கொள்ளப் பொருள்களுக்கா பஞ்சம்? இராயபுரத்து அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் சென்று வருவோம்.

‘பாடத்தை முடிக்க நேரம் போதாதே!’ என்பார் சில ஆசிரியப் பெருமக்கள். அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்பேன். ஐந்து அலகுகளையும் நீங்கள் முடித்துவிட்டீர்கள், நாங்கள் தொடங்கினோமா? நூலில் அச்சாகி இருக்கும் நிறுவலைக் கரும்பலகைக்கு மாற்றும் நேரத்தில் பாதியை எங்களுக்குக் கொடுங்கள். நல்ல விரிவுரையின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஒரு கருத்து எங்கிருந்து முளைத்தது, எதற்காகத் தேவைப்பட்டது என்று ஆசிரியர் விளக்கும் பத்து நிமிடம் எந்தக் காணொளியிலும் கிடைக்காதது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு, மீதியை எங்கள் கைக்கு விடுங்கள் என்றே வேண்டுகிறேன்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் மாறட்டும், தேர்வு மாறட்டும் என்று நாமும் ஐந்தாவது கட்சியாகிவிடலாகாது. கத்திவாக்கத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் மின்தொடர் வண்டியில் நாம் நாள்தோறும் கூட்டமாகத்தான் வருகிறோம். அந்தக் கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கணக்கைப் பேசத் தடை விதித்தவர் யார்? அதற்கு அரசாணை வேண்டுமா? விடை கிடைக்காமல் இறங்கினாலும் கேள்வியோடு இறங்குவோம். விடையை மட்டும் சுமந்து திரிகின்றவருக்குத் தேர்வறைவரை பயன். கேள்வியைச் சுமக்கப் பழகியவருக்கு அதற்கப்பாலும் பயன் உண்டு.

வரும் பருவத்தில் ஒரே ஒரு தாளிலாவது இந்தக் கணக்கு மணியைத் தொடங்கிப் பார்ப்போம். பருவ முடிவில் எத்தனை பேர் தேறினர் என்பதை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு அடுத்த மலரில் வெளியிடுவோம். பயன் இல்லையென்றால் விட்டுவிடுவோம். கணிதம் பயில்வோர் எண்களைக் கண்டு அஞ்சலாமா?

– இளம் அறிவியல் கணிதம், மூன்றாமாண்டு